பலெர்மோவில் எனக்கு வேறு அப்பா

யாழ்ப்பாணத்து மனுசரிடம் எதைப் பற்றியும் பொய் சொல்லலாம். வயதைக் குறைக்கலாம். சம்பளத்தைக் கூட்டலாம். சீனி வருத்தம் இல்லையென்று சொல்லிக்கொண்டே இன்னொரு லட்டு எடுக்கலாம். ஒருவரும் கண்டுகொள்ளமாட்டார்கள். சொந்த ஊரைப் பற்றி மட்டும் பொய் சொல்லக்கூடாது. இதை நான் யாரோ சொல்லக் கேட்டு எழுதவில்லை. மத்தியதரைக் கடலோரத்தில், ஒரு மண்டபம் நிறைந்த சனத்தின் முன்னால், தோளில் பொன்னாடையோடு நின்று படித்த பாடம்.

இரண்டாயிரத்துச் சொச்சம். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தலையில் முடி இருந்தது, அதற்கு உள்ளேதான் ஒன்றுமில்லை. லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு மேல்மாடி வீட்டில் நானும் மனைவி வதனியும் இருந்தோம். கலியாணமாகி மூன்று வருடம். நான் ஒரு சாமான் கிடங்கில் ஷிப்ட் மேற்பார்வையாளர். (என் மேற்பார்வையின் கீழ் இருந்தவை ஒரு ஃபோர்க்லிஃப்ட்டும் அதை ஓட்டுகிற போலந்துக்காரரும். அவர் என் பேச்சைக் கேட்பதில்லை.)

அந்த மூன்று வருடத்தில் நாங்கள் பாரிஸ், சூரிச், டோர்ட்முண்ட் எல்லாம் போயிருந்தோம். அதாவது, அந்த ஊர்களில் இருக்கும் சொந்தக்காரரின் வீடுகளுக்குப் போயிருந்தோம். பாரிஸ் கோபுரத்தை வதனி பார்த்தது ஒரேயொரு தடவை. சித்தியின் வேன் ஒரு முடக்கில் திரும்பும்போது, இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில், நாலு விநாடி. மற்ற நேரமெல்லாம் சித்தியின் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள் ஒருநாள். "எனக்கு ஒரு லீவு வேணும். ஹோட்டலில நிக்கிற லீவு. சொந்தக்காரர் இல்லாத ஊர். வெங்காயம் இல்லாத லீவு."

நியாயமான கோரிக்கை. உடனே ஐரோப்பாப் படத்தை மேசையில் விரித்தேன். தமிழன் இல்லாத ஊர் ஒன்று வேண்டும். லண்டன் பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஊராக வெட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொன்றிலும் யாராவது ஒரு மச்சான் இருந்தான். நோர்வேயில் துருவத்துக்குக் கிட்டவும் ஒரு மச்சான் மீன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். கடைசியில் விரல் இத்தாலியின் காலடியில், சிசிலித் தீவில் போய் நின்றது. பலெர்மோ. இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட துறைமுகம். வந்து ஆளாத இனம் இல்லை.

"இஞ்ச எங்கட சனம் இராது," என்றேன் உறுதியாக. "மாஃபியாக்குப் பயந்து ஒருத்தரும் போயிருக்கமாட்டினம்."

(இந்த வசனத்தை வதனி இன்றைக்கும் என் குரலிலேயே சொல்லிக்காட்டுவாள்.)

டிக்கெட் போட்டோம். ஹோட்டல் போட்டோம். வழிகாட்டிப் புத்தகம் வாங்கி, பார்க்கவேண்டிய இடங்களைப் பச்சை மையால் குறித்தேன். வதனி சிவப்பு மையால் ஒன்றே ஒன்றைக் குறித்தாள்: ஞாயிறு நாலு மணிக்குத் துறைமுகத்தைச் சுற்றும் படகு. கடலில் நின்று ஊரைப் பார்க்கவேண்டுமாம்.

எல்லாம் முடிந்து இரண்டு நாளில் பவளக்கா டெலிபோன் எடுத்தாள்.

பவளக்கா என் பெரியம்மாவின் மகள். லண்டனிலேயே குட்மேய்ஸில் வீடு. நான் லண்டன் வந்து இறங்கியபோது மூன்று வருடம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டவள். அக்கா கேட்டு நான் மறுத்த ஒன்றும் கிடையாது. மறுக்கத் தைரியமும் கிடையாது.

"நேசன், ஆர்த்தின்ர அரங்கேற்றத்துக்கு ஹோல் கிடைச்சிட்டுது. நன்றியுரை நீதான். மூண்டு பக்கம் எழுதி வைச்சிருக்கிறன், வந்து எடு. பாடமாக்க வேணும். பாத்து வாசிக்கப்படாது."

"ஓம் அக்கா. எப்ப?"

அதே ஞாயிற்றுக்கிழமை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'அக்கா, முதலே டிக்கெட் போட்டிட்டம்' என்று நாலு சொல். அக்கா ஒரு கிழமை முகத்தை நீட்டியிருப்பாள், பிறகு பலகாரம் கொடுத்தனுப்பியிருப்பாள். நான் என்ன செய்தேன்? "ஓம்" என்றேன். மூன்று பக்கத்தையும் வாங்கி வந்தேன். குளிக்கும்போது பாடமாக்கினேன். அரங்கேற்றத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஏதோ பெரிய துக்கம் நடந்த குரலில் டெலிபோன் எடுத்தேன்.

"அக்கா, கிடங்கில ஸ்டொக் எண்ணுறாங்கள். ஒருத்தருக்கும் லீவு இல்லையாம். எனக்கு அழுகை வருது அக்கா."

"அழாதையடா," என்றாள் அக்கா. அவள் குரலும் தழுதழுத்தது. "வேலை முக்கியம். ஆர்த்திக்கு நான் சொல்லிச் சமாளிக்கிறன்."

டெலிபோனை வைத்ததும் வதனி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதினால் இந்தக் கட்டுரையை அச்சிடமாட்டார்கள்.

ஆனால் பலெர்மோ! அந்த ஊரில் இறங்கியதும் குற்ற உணர்வு எல்லாம் விமானத்திலேயே தங்கிவிட்டது. ஹோட்டல் யன்னலைத் திறந்தால் நீலம் நீலமாகக் கடல். வீடு உயரத்துக்கு வெள்ளைக் கப்பல்கள். ஒரு தேவாலயத்துக்குள் கூரை முழுக்கத் தங்கத் துணுக்குகள். அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்துப் பிடித்துவிட்டது. சந்தையில் வாள்மீன் தலைகளை, வாளை மேலே நீட்டியபடி நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கடலை மாவைத் தட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். வதனி ஒரு கடி கடித்துவிட்டு நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"இது எங்கட கடலை வடையல்லோ! ஆர் இவைக்குச் சொல்லிக் குடுத்தது?"

நான் கழுத்தில் வீடியோக் கமரா, தலையில் வைக்கோல் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பச்சை மை இடங்களை ஓடி ஓடிப் பார்த்தோம். படிக்கட்டு கண்டால் ஏறினேன், மணிக்கூண்டு கண்டால் படம் எடுத்தேன். வதனி சிரித்துக்கொண்டே பின்னால் வந்தாள். சனிக்கிழமை பின்னேரம் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து, "இப்பிடியே இருக்கலாம் போல கிடக்கு," என்றாள். ஒரு வெங்காயம்கூட உரிக்கவில்லை. நான் உலகத்தையே வென்ற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு காலை ஒரு பச்சை மை இடம் மிச்சம் இருந்தது. கடலோரத்தில் செங்குத்தாக நிற்கும் மலை. உச்சியில், அந்த ஊரைக் காக்கும் புனிதையின் குகைக் கோயில். பஸ் வளைந்து வளைந்து ஏறியது. குகைக்குள் நுழைந்தோம். பாறையிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கத் தகரப் பீலிகள், குளிர்ச்சி, மெழுகுதிரி வெளிச்சம். நான் கமராவைத் தூக்கினேன்.

"தள்ளி நில் பிள்ளை, தாவணி நெருப்பில படப்போகுது."

கமரா அப்படியே நின்றுவிட்டது.

கண் இருட்டுக்குப் பழகப் பழகத் தெரிந்தது. முன்வரிசை முழுக்கச் சேலை. பக்கத்தில் வேட்டி. நெற்றியில் திருநீறு பூசிய ஒரு ஐயா மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார். நான் ஐரோப்பா முழுவதும் தேடிக் கண்டுபிடித்த தமிழனில்லாத ஊரில், மலை உச்சியில், குகைக்குள், நல்லூர்த் திருவிழா போலச் சனம் நின்றது.

"இவையெல்லாம் மாஃபியாவோ?" என்று வதனி காதுக்குள் கேட்டாள்.

"தமிழ் கதைக்காதை," என்று பல்லைக் கடித்தேன். "நாங்கள் பிரேசில்."

தொப்பியை இழுத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் குகைக்குள்ளும் கழற்றாமல், பிரேசில்காரன் எப்படி நடப்பானோ அப்படி நடந்து வாசலை நோக்கிப் போனேன். கண்ணாடி போட்டால் குகையில் என்ன தெரியும்? மெழுகுதிரித் தட்டில் கையை ஊன்றினேன். கொதிக்கிற மெழுகு.

"ஐயோ அம்மா!"

குகையல்லவா. நாலு தரம் எதிரொலித்தது.

"தம்பி தமிழோ!" கோட்டும் சூட்டும் போட்ட, பெரிய மீசைக்காரர் ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து என் கையைப் பிடித்தார். அன்ரன் அண்ணை. இருபது வருடமாக அந்த ஊரில், ஒரு வசதியான வீட்டில் சமையல் வேலை. "எங்கயிருந்து வாறியள்? லண்டனோ! நாங்கள் இஞ்ச கனபேர் இருக்கிறம் தம்பி. ஞாயிறெண்டால் சைவம் கிறிஸ்தவம் எண்டில்லை, எல்லாரும் மலைக்கு வந்திடுவம். பேரென்ன?"

"நேசன்." பெயரை மாற்ற நேரம் கிடைக்கவில்லை.

"ஊரில எவடம்?"

அந்தக் கேள்வி வந்துவிட்டது. என் சொந்த ஊர் கரவெட்டி. கரவெட்டி என்றால் அடுத்த கேள்வி 'ஆற்றை மகன்' (யாருடைய பிள்ளை), மூன்றாவது கேள்வி 'அப்ப குட்மேய்ஸ் பவளம் என்ன முறை'. அன்று மாலைக்குள் அக்காவுக்குக் கதை போய்விடும். மூளை வேகமாக வேலை செய்தது. (என் மூளை வேகமாக வேலை செய்த ஒவ்வொரு தடவையும் எனக்கு ஏதாவது கெட்டது நடந்திருக்கிறது.)

"அச்சுவேலி," என்றேன்.

அச்சுவேலி பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சின்ன வயதில் அங்கே ஒரு தடவை சைக்கிள் காற்றுப் போனது.

அன்ரன் அண்ணையின் முகம் பிரகாசித்தது. "அச்சுவேலியோ! நானும் அச்சுவேலியல்லோ! அச்சுவேலியில ஆற்றை மகன்?"

வதனி கூரையைப் பார்க்கத் தொடங்கினாள்.

"கனகரத்தினம்," என்றேன். எந்த ஊரிலும் ஒரு கனகரத்தினம் இருப்பார் என்ற நம்பிக்கை.

"எந்தக் கனகரத்தினம்? கனபேர் இருக்கினம். என்ன செய்தவர்?"

"வாத்தியார்."

"கணக்குப் படிப்பிச்ச கனகர் வாத்தியே?"

'இல்லை' என்றால் இன்னொரு கேள்வி வரும். "ஓம்," என்றேன்.

அவர் என் கையை விட்டார். இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்தார். "தம்பி, எனக்குக் கணக்குப் படிப்பிச்சவர். காசு வாங்காமல், பின்னேரத்தில, தன்ர வீட்டு விறாந்தையில வைச்சு. நீங்கள் எத்தினையாவது பிள்ளை?"

"ஒரே மகன்."

"ஒரே மகன்," என்று மெல்லத் திருப்பிச் சொன்னார். "அப்பா எப்பிடி?"

"நல்ல சுகம்."

"அவர் செத்து எட்டு வருசமெண்டு சொன்னாங்கள்?"

"ஓம்... அதான்... நல்ல சுகமாப் போய்ச் சேந்திட்டார்," என்றேன்.

வதனி இருமிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எதுவும் எங்கள் கையில் இல்லை. 'வாத்தியின்ர பிள்ளை என்ர வீட்டில சாப்பிடாமல் போறதோ?' என்று காரில் ஏற்றினார். துறைமுகத்துக்குப் பின்னால், உடுப்புக் காயும் பல்கனிகள் நிறைந்த ஒரு சந்தில் அவர் வீடு. புட்டு, வாள்மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். நான் விறாந்தையில் அச்சுவேலிச் சந்தி, அச்சுவேலிச் சந்தை, அச்சுவேலி மனிதர் எல்லாவற்றையும் பற்றித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். வதனி அவருடைய மனைவிக்குப் பக்கத்தில் நின்றாள். முன்னால் ஒரு தட்டம். தட்டத்தில் வெங்காயம். உரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். கண்ணீர் வெங்காயத்தாலா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

மூன்றரை மணிக்கு வதனி படகு டிக்கெட்டைக் காட்டினாள். நான் வாயைத் திறக்குமுன் அன்ரன் அண்ணை கோட்டைப் போட்டார். "வாங்கோ, நேரமாச்சு. இண்டைக்கு எங்கட தமிழ்ப் பள்ளிக்கூட விழா. பிரதம விருந்தினரா வர இருந்தவருக்குக் காய்ச்சல். உங்களை அந்தப் புனிதைதான் அனுப்பியிருக்கிறா."

லண்டனில் ஆர்த்தி மேடையேறிய அதே மணிக்கு, பலெர்மோவில் நான் மேடையேறினேன்.

மண்டபம் நிறைந்த சனம். முன்னால் முக்காலியில் ஒரு வீடியோக் கமரா, சிவப்பு விளக்கோடு. அன்ரன் அண்ணை ஒலிவாங்கியைப் பிடித்து, கனகர் வாத்தியாரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். மாமரத்தடியில் பாடம், சோக்குத் துண்டு, ஒரு பிள்ளையையும் கை நீட்டி அடிக்காதது. சபையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன், அவ்வளவு நல்ல அப்பா. பிறகு, "வாத்திக்குச் செய்ய ஏலாமல் போனதை மகனுக்குச் செய்யிறன்," என்று சிவப்புப் பட்டுப் பொன்னாடை ஒன்றை என் தோளில் போர்த்தி, ஒலிவாங்கியைக் கையில் தந்துவிட்டு உட்கார்ந்தார்.

பேசவேண்டும். தலைக்குள் தேடினேன். மூன்றே மூன்று பக்கம் மட்டும் இருந்தது, குளியலறையில் பாடமாக்கியது. வாய் தானாகவே தொடங்கிவிட்டது.

"சபையோருக்கு வணக்கம். இன்று மூன்று மணித்தியாலம் மயிலாக நின்று ஆடிய எங்கள் வீட்டுச் செல்வி ஆர்த்திக்கு..."

மேடையில் அதுவரை ஆடியது கத்தரிக்காய் வேடம் போட்ட ஒரு ஏழு வயதுப் பிள்ளை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நிறுத்த முடியவில்லை. பாடமாக்கியதை நடுவில் நிறுத்தினால் முழுவதும் போய்விடும். மிருதங்கக் கலைஞருக்கு நன்றி சொன்னேன். (மண்டபத்தில் இருந்தது ஒரு சின்ன கீபோர்ட் மட்டும்.) வயலினுக்கு நன்றி சொன்னேன். மேக்கப் செய்த ரீச்சருக்கு, சென்னையிலிருந்து சலங்கை கொண்டுவந்தவருக்கு, குட்மேய்ஸிலிருந்து ரோல்ஸ் பொரித்து அனுப்பியவருக்கு. கடைசியில் குரல் தழுதழுக்க, "எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் அருமைப் பவளக்காவுக்கு நன்றி" என்று முடித்தேன். கரகோஷம் மண்டபத்தைப் பிளந்தது. மூன்று பக்கத்தையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லியிருந்தேன். சிவப்பு விளக்கு அணையவேயில்லை.

யன்னல் வழியாகத் துறைமுகம் தெரிந்தது. நாலு மணிப் படகு கொடி பறக்கத் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

பிரியும்போது அன்ரன் அண்ணை, "வீடியோவை அனுப்பிவிடுறன், அட்ரஸ் எழுதித் தாங்கோ," என்றார். பொய் முகவரிதான் எழுதவேண்டும். ஆனால் பொய் முகவரி என்பது எழுதிப் பழகாதவனுக்கு வருகிற விஷயமில்லை. ஒரு கதவு இலக்கம் வேண்டும், தெரு வேண்டும், தபால் குறி வேண்டும். பேனா நின்றது. பிறகு, வேகமாக ஓடியது.

விமானத்தில் வதனி கேட்டாள். "எந்த அட்ரஸ் குடுத்தனீங்கள்?"

அப்போதுதான் யோசித்தேன். நான் மூன்று வருடம் சோறு சாப்பிட்ட வீட்டு முகவரி. குட்மேய்ஸ்.

அன்றிலிருந்து தினமும் காலை, தபால்காரர் வரும் நேரத்துக்கு, பின்னேர ஷிப்டுக்கு மாறி, நான் அக்கா வீட்டில் நின்றேன். ஒருநாள் பால் கொண்டுபோனேன், ஒருநாள் வேலிப் பலகைக்கு ஆணி அடித்தேன், ஒருநாள் சும்மா வாசலில் நின்று காற்று வாங்கினேன்.

"பாவம், அரங்கேற்றத்துக்கு வராத கவலை பெடியனைத் தின்னுது," என்று அக்கா ஊரெல்லாம் சொன்னாள்.

மூன்று கிழமை இப்படிப் போனது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கிடங்கில் எல்லோருக்கும் லீவை நிறுத்திவிட்டார்கள். காலையிலேயே வரச் சொன்னார்கள். ஸ்டொக் எண்ணவேண்டுமாம். சத்தியமாக.

பின்னேரம் அக்கா டெலிபோன் எடுத்தாள். குரல் மிகவும் இனிமையாக இருந்தது. "வதனியையும் கூட்டிக்கொண்டு வாவன். வீடியோ வந்திருக்கு. எல்லாரும் இருந்து பாப்பம்."

அரங்கேற்ற வீடியோதானே என்று நினைத்தேன். போனோம். அக்கா, அத்தான், ஆர்த்தி மூன்று பேரும் சோபாவில் வரிசையாக இருந்தார்கள். நடுவில் எங்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். அக்கா ரிமோட்டை அமத்தினாள். திரையில் ஒரு கத்தரிக்காய் ஆடியது.

மேசையில் பிரித்த பார்சல், பக்கத்தில் நான் மண்டபத்திலேயே மறந்துவிட்டு வந்த பொன்னாடை. பார்சலின் மேலே, 'திரு. கனகரத்தினம் நேசன்' என்று முத்து முத்தான எழுத்து.

முழுவதையும் பார்க்கவைத்தாள். நான் திரையில் மிருதங்கத்துக்கு நன்றி சொன்னபோது ஆர்த்தி தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டாள். 'எங்கள் அருமைப் பவளக்காவுக்கு' என்று வந்ததும் அக்கா வீடியோவை நிறுத்தினாள்.

"ஊர் சுத்தப் போனனீ, சரி. எனக்குப் பொய் சொன்னனீ, அதுவும் சரி." அக்காவின் மூக்கு சிவந்திருந்தது. "உன்ர அப்பாவை, என்ர சித்தப்பாவை, ஏனடா மாத்தினனீ? கரவெட்டியில அந்த மனுசன் உயிரோட இருக்கேக்க?"

பொய்யைக்கூட அவள் மன்னித்துவிடுவாள். என்னை நம்பி ஆர்த்தியைச் சமாளித்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்று தெரிந்தது. "பிழைதான் அக்கா," என்றேன். அந்த மாதத்தில் நான் சொன்ன முதல் உண்மை.

"எழும்பு," என்றாள். "அந்தப் பொன்னாடையைப் போடு. இஞ்ச நிண்டு ஆர்த்திக்கு நன்றியுரை சொல்லு. பாத்து வாசிக்கப்படாது."

சொன்னேன். அத்தான் கைதட்டினார். ஆர்த்தி, "மாமா, பலெர்மோவில இன்னும் நல்லாச் செய்தனீங்கள்," என்றாள். அப்போதுதான் அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே டெலிபோனை என் மடியில் வைத்தாள்.

"இனி அந்த மனுசனிட்டையும் சொல்லு."

இதுதான் கஷ்டமாக இருந்தது. அக்காவை ஏமாற்றியது சோம்பேறித்தனம். அன்ரன் அண்ணையை ஏமாற்றியது பாவம். பார்சலில் அன்ரன் அண்ணை எழுதியிருந்த இலக்கத்தை அழுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் கரவெட்டி, கனகர் வாத்தியை எனக்குத் தெரியாது, பொன்னாடையைத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்ரன் அண்ணை முழுவதையும் கேட்டார்.

"தம்பி," என்றார். "கனகர் வாத்திக்கு நாலும் பொம்பிளைப் பிள்ளையள்."

"அப்ப... உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"குகைக்குள்ளயே தெரியும். பிறகு விறாந்தையில, அச்சுவேலிச் சந்தியில கடல் இருக்கெல்லோ எண்டு கேட்டன், அதுக்கும் தலையாட்டினனீங்கள்."

"பிறகேன் அண்ணை பொன்னாடை?"

"வாத்திக்கு ஒரு பொன்னாடை போர்க்க வேணுமெண்டு கனகாலம் ஆசை தம்பி. செத்த வீட்டுக்கும் போக ஏலாமல் போச்சு. போர்க்க ஒரு தோள் வேணுமல்லோ. உங்கட தோள் வந்து நிண்டுது. திருப்பி அனுப்பாதேங்கோ. அடுத்த முறை வதனியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, படகில நான் கூட்டிக்கொண்டு போறன். டிக்கெட்டைக் காட்டினதைக் கண்டனான்."

கூட்டிக்கொண்டு போனார். அது அடுத்த வருடம். கடலில் நின்று பார்த்தபோது பலெர்மோ வதனி நினைத்ததைவிட வடிவாக இருந்ததாம். அதற்கு முதல்நாள் அவர் வீட்டில் தானாகவே போய் வெங்காயம் உரித்தாள்.

பொன்னாடை இப்போதும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. கரவெட்டிக்கு டெலிபோன் எடுத்தால் என் அப்பா முதலில் கேட்பது, "ஆர், கனகரின்ர மகனோ?" என்றுதான். எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைந்தபோது, அப்பாவின் அப்பா என்ற இடத்தில் இரண்டு கிளை விட்டிருந்தாள். ரீச்சர் கூப்பிட்டு விசாரித்தார்.

ஒவ்வொரு கோடை லீவுக்கும் பெட்டி அடுக்கும்போது வதனி நிமிர்ந்து, மிகவும் பொறுப்பாக ஒரு கேள்வி கேட்பாள்.

"இஞ்சாருங்கோ, இந்தமுறை நாங்கள் எந்த ஊர் ஆக்கள்? இப்பவே சொல்லிப்போடுங்கோ. மாமாவின்ர பேரையும் நான் பாடமாக்க வேணும்."